மஞ்சள் இல்லாத மஞ்சள்

ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் டிவி ஒன்றின் திரையை உருப்பெருக்கியால் பாருங்கள். மஞ்சள் தெரிந்த இடத்தில் மஞ்சளே இருக்காது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான். பிரான்சின் க்ரூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை 1889இல் ஓவியர் மோனே தீட்டிய படங்களும் கிட்டே போனால் வெறும் தீற்றல்கள். விலகி நின்றால் மலை, நீர், வெயில்!

எப்படி? 1 மி.மீ. இடைவெளியை நம் கண் ஏறத்தாழ 3.5 மீட்டர் வரைதான் பிரித்தறியும். அதற்கப்பால் அடுத்தடுத்த நிறங்களின் ஒளி கண்ணுக்குள் ஒன்றாகிவிடும். சாயங்களைத் தட்டில் குழைத்தாலோ ஒன்றின் ஒளியை மற்றது விழுங்கும், நிறம் மங்கும். அதனால்தான் நீலமும் மஞ்சளும் தட்டில் பச்சையாகின்றன. புள்ளிகளாக வைத்தால் தூரத்தில் சாம்பல்! பலர் நம்பமாட்டார்கள். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறமாக நெய்த காஞ்சிப் பட்டைப் பத்தடி தள்ளி நின்று பாருங்களேன்.