இசைத்தட்டுகளுக்கும் காப்புறுதி

நம் வீடுகளில் நகைக்குப் பெட்டி உண்டு. பிறப்புப் பத்திரத்துக்கு உறை உண்டு. தாத்தா வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவையும் சொத்துதான் என்பது, பழைய தட்டுகளைத் தேடுவோர் வந்து விலை கேட்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அச்சொத்துக்குக் காப்புறுதி செய்வது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், நம்மிடம் இருப்பது எந்த வகைத் தட்டு? நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது. கை தவறினால் உடைந்துவிடும். 1948-ஆம் ஆண்டில் வந்த நெடுநேரத் தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. எளிதில் உடையாது, ஆனால் வெப்பத்தில் வளைந்துவிடும். தீயும் வெள்ளமும் இரண்டுக்குமே பகை.

அடுத்து, வீடு யாருடையது? தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. அதற்கு நிர்வாகம் காப்புறுதி எடுத்திருந்தாலும், அது கட்டடத்துக்கு உரியது. லயத்தில் தீப்பிடித்தால், உள்ளே இருந்த நம் பொருள்களுக்கு அதிலிருந்து பணம் வரும் என்று எண்ணக்கூடாது. வீட்டுப் பொருள்களுக்கான காப்புறுதி தனி. வீடு சொந்தமாக இல்லாதவரும் அதை எடுக்கலாம். மர வீட்டுக்குச் சந்தா சற்றுக் கூடுதலாக இருக்கலாம். சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. அதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு விவரங்களைக் கவனிப்போம். ஒன்று, தனிப் பொருளுக்கான வரம்பு. மலேசியாவில் வீட்டுப் பொருள் காப்புறுதியில், தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு மொத்தத் தொகையில் 100-க்கு 5 பங்குதான் என்று வரம்பு இருப்பது வழக்கம். 10,000 வெள்ளிக்குக் காப்புறுதி என்றால், ஒரு பொருளுக்கு 500 வெள்ளிதான். ஆகவே விலை உயர்ந்த தட்டுகளைத் தனியே எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, மதிப்பைக் குறைத்துச் சொல்வது. 4,000 வெள்ளி பெறும் தட்டுகளை, சந்தாவை மிச்சம் பிடிக்க 2,000 வெள்ளி என்று எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் 1,000 வெள்ளிக்குச் சேதம் வந்தால், பாதி மதிப்புக்கே காப்புறுதி செய்தோம் என்று 500 வெள்ளிதான் கொடுப்பார்கள். கூட்டிச் சொல்வதாலும் லாபம் இல்லை. உண்மையான இழப்புக்கு மேல் ஒரு காசும் வராது.

இழப்பை மெய்ப்பிப்பது நம் பொறுப்பு. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். பாடியவர், படத்தின் பெயர், தட்டு வெளியிட்ட நிறுவனம், நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் உள்ள எண், கீறல் உண்டா, உறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். ஒரே பாட்டின் இரு தட்டுகளில், கீறலில்லாததும் உறையுள்ளதுமே கூடுதல் விலை பெறும். படமும் எடுத்து வைப்போம். பட்டியலும் தட்டுகளோடு எரிந்துவிட்டால் என்ன பயன்? ஒரு படியை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வைப்பது நல்லது.

தேய்மானம், பூஞ்சை, கரையான் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குக் காப்புறுதி பொதுவாகப் பொறுப்பேற்காது. அதற்கு நம் கவனம்தான் காப்பு. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிற்க வைப்போம். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் தரையிலும் வைக்கவேண்டாம். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ இரவல் கொடுப்பவர்கள், வீட்டுக்கு வெளியே நேரும் சேதம் அடங்குமா என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பத்து இருபது சாதாரணத் தட்டுகளுக்காகத் தனிக் காப்புறுதி தேவையில்லை. எனினும் பட்டியல் எல்லாருக்கும் தேவை. எது அரிய தட்டு என்று தெரியாமல்தான், மூட்டையாக எடைபோட்டு விற்றுவிடுகிறோம். காப்புறுதி விலையைத் திருப்பித் தரும். வேறு எங்கும் கிடைக்காத ஒரு குரலைத் திருப்பித் தராது. ஆகவே இந்த வார விடுமுறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறப்போம். பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும்.