பெஞ்சில் கரைந்த பத்து ஆண்டுகள்

2020 ஜூன் 20. கொரோனாவால் ரசிகர்கள் இல்லாத பிரைட்டன் மைதானத்தில் ஆர்சனல் அணியின் முதல் கோல்கீப்பர் பெர்ன்ட் லெனோ முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறுகிறார். அவருக்குப் பதிலாக இறங்குகிறார் எமிலியானோ மார்டினெஸ், வயது 27. அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவிலிருந்து 17 வயதில் லண்டனுக்கு வந்தவர். பத்து ஆண்டுகளில் அந்த கிளப்புக்காக அவர் ஆடியிருந்த பிரீமியர் லீக் போட்டிகள் பத்துகூட இல்லை.

அதன்பிறகு எல்லாம் மின்னல் வேகம். ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை, ஆட்டம் முடிந்ததும் டி.வி. பேட்டியில் அழுதேவிட்டார். செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். முதல் சீசனிலேயே 15 லீக் போட்டிகளில் கோல் விடவில்லை. 2021 கோபா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார்.

2022 டிசம்பர் 18, லுசைல். உலகக் கோப்பை இறுதி 3-3 என நிற்கிறது. கூடுதல் நேரமும் முடிந்து, நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோகும் நேரம். பிரான்ஸின் கோலோ முவானி தனியாகப் பாய்ந்து வந்து, துள்ளிய பந்தை ஓங்கி அடிக்கிறார். கோட்டை விட்டு முன்னேறியிருந்த மார்டினெஸ் கையையும் காலையும் அகல விரிக்கிறார். நீட்டிய இடது காலில் பட்டுத் திரும்புகிறது பந்து. சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை அவருக்குத்தான் வந்தது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கதவைத் திறந்தது பொறுமையா, இன்னொருவரின் முழங்காலா? அன்று லெனோவுக்கு அடிபடாமல் இருந்திருந்தால்?

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, பில் கட்டப் பணமில்லாமல் இரவில் அழுததைப் பார்த்து வளர்ந்ததாக மார்டினெஸே சொல்லியிருக்கிறார். திரும்பிப் போக வழியில்லாத பையனுக்குப் பொறுமையைத் தவிர வேறென்ன கையில் இருந்தது?

அந்தப் பத்து ஆண்டுகளில் ஆர்சனல் அவரை லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக, ஊர் ஊராக அனுப்பியது. ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு, ராதரம், வுல்வர்ஹாம்ப்டன், ஸ்பெயினின் கெட்டாஃபே, கடைசியாக ரெடிங். ஆக்ஸ்ஃபோர்டில் ஆடியது ஒரே ஒரு போட்டி. கெட்டாஃபேயில் ஒரு சீசன் முழுக்க இருந்தும் பெரும்பாலும் பெஞ்சுதான். 2019-இன் முதல் பாதியில், ரெடிங்கில்தான் வாராவாரம் ஆடக் கிடைத்தது.

பெஞ்சில் இருக்கும் நடுக்கள வீரருக்குக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைக்கும். ஒரு ஆட்டத்தில் இறக்கக்கூடிய மாற்று வீரர்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தாகக் கூடியது. அதனால் கோல்கீப்பருக்கு ஒரு லாபமும் இல்லை. பயிற்சியில் நூறு ஷாட் பிடிக்கலாம். கார்னர் கிக் வரும்போது ஆறேழு பேர் முட்டித்தள்ளும் கூட்டத்துக்குள் பாய்வதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடியில் முடிவெடுக்கக் கற்றுத்தருவது ஆட்டம் மட்டுமே. கோல்கீப்பரை அடிக்கடி மாற்றினால் தற்காப்பு குலையும் என்பது பயிற்சியாளர்களின் வாதம். இருக்கலாம்.

ஆனால் என் கவலை மூன்றாவது கோல்கீப்பரைப் பற்றியது. பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில், இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கைச் சரிக்கட்ட மூன்றாவது கோல்கீப்பர் இடம் வசதியாக இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டியில் ஸ்காட் கார்சன் 2019 முதல் 2025 வரை இருந்தார். ஆடியவை இரண்டு போட்டிகள். இங்கிலாந்துக்கே ஆடிவிட்டு, முப்பதைத் தாண்டி வந்த அவருக்கு அது கௌரவமான வேலை. அதே நாற்காலியில் இருபது வயதுப் பையன் உட்கார்ந்தால், அவனுடைய தொழில் தொடங்குவதற்கு முன்பே துருப்பிடிக்கும்.

லோனில் அனுப்பும்போதே குறைந்தது இத்தனை போட்டி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆட வைக்காவிட்டால் ஜனவரியிலேயே திரும்ப அழைக்க வேண்டும். மார்டினெஸுக்கு ரெடிங்கில் 26 வயதில் வாய்த்த அந்த அரை சீசன், மற்றவர்களுக்கு இருபதிலாவது கிடைக்கட்டும்.