இரவல் கதை வழக்கைக் கெடுக்கும்

பிரிட்டனில் தஞ்சம் கேட்கும் ஈழத்தமிழர் சிலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கதை கனமாக இருந்தால் கேஸ் வெல்லும் என்பது அது. உண்மையிலேயே சித்திரவதைப்பட்டவர்கூட, ஏஜென்ட் சொல்லித்தந்த சம்பவம் ஒன்றைத் தன் அனுபவத்தோடு சேர்த்துவிடுகிறார். இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை.

வந்திறங்கியதும் நடக்கும் முதல் நேர்காணல் சுருக்கமானது. எந்த வழியாக வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எப்போதாவது கைதானீர்களா என்று கேட்பார்கள். களைப்பிலும் பயத்திலும் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். பிறகு மணிக்கணக்கில் நீளும் முழு நேர்காணல் வரும். இரண்டு பதிவுகளையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். முதலாவதில் ‘கைதாகவில்லை’ என்றும் இரண்டாவதில் ‘மூன்று மாதம் தடுத்து வைத்தார்கள்’ என்றும் இருந்தால், நிராகரிப்புக் கடிதத்தில் முதலில் இடம்பெறுவது அந்த முரண்தான். மேல்முறையீட்டில் நீதிபதி கையில் இருப்பதும் அதே தாள்கள்தான்.

சட்டமும் இறுகிவிட்டது. முன்பு, சொன்னது நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதுமாக இருந்தது. 2022 ஜூன் 28 முதல் கொடுக்கப்பட்ட கோரிக்கைகளில், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் துன்புறுத்தப்படுவோம் என்று கோரிக்கையாளர் நிஜமாகவே அஞ்சுகிறார் என்பதை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிறுவ வேண்டும். திரும்பிப் போனால் என்ன நேரும் என்பதற்கு மட்டுமே பழைய, தளர்வான அளவுகோல். பாதுகாப்பான நாட்டைக் கடந்து வந்தும் அங்கே தஞ்சம் கேட்காதவரின் நம்பகத்தன்மை குறையும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

உடலில் உள்ள தழும்புகூடத் தானாகப் பேசாது. இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் சூடான இரும்புக் கம்பியால் சுட்ட தழும்புகள் இருந்தன. மருத்துவ அறிக்கையும் இருந்தது. ஆனாலும், வழக்குக்காக அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சந்தேகித்தது. அப்படிச் செய்துகொள்வது மிக அபூர்வம் என்று சொல்லி, மறுவிசாரணைக்கு உத்தரவிட 2019இல் உச்ச நீதிமன்றமே வரவேண்டியிருந்தது. இத்தனை சந்தேகம் நிலவும் இடத்துக்கு ஒரு பொய்யையும் கொண்டுபோகலாமா?

லண்டன் ஆர்ப்பாட்டத்தில் கொடி பிடித்த படம் போதும் என்பதும் தவறான கணக்கு. 2021இல் மேல் தீர்ப்பாயம் தந்த இலங்கை வழிகாட்டித் தீர்ப்பு, ஒருவருடைய பங்கு எவ்வளவு, எத்தனை காலம், இலங்கை அரசின் கண்ணில் அவர் தமிழ்ப் பிரிவினைவாதத்தில் முக்கியமானவராகப் படுவாரா என்று பார்க்கச் சொல்கிறது. அடுத்த ஆண்டு ஈரானியர் ஒருவர் வழக்கில் அதே தீர்ப்பாயம், ஃபேஸ்புக் பக்கங்களில் சிலவற்றை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய மதிப்பில்லை என்றது. கணக்கின் முழுப் பதிவையும் கேட்பார்கள். நேற்றுத் திறந்த கணக்கு என்றால் அதுவும் அங்கே தெரியும்.

ஒரு பொய் எல்லாவற்றையும் பொய்யாக்காது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. அதை நம்பித் துணியாதீர்கள். தேதி நினைவில்லையென்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரின் தமிழ் புரியவில்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள். நேர்காணல் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கி, பிழைகளை உடனே எழுத்தில் திருத்துங்கள். நிராகரித்தால், நாட்டுக்குள் இருந்து மேல்முறையீடு செய்ய இருப்பது 14 நாள். உரிமம் பெற்ற சட்டத்தரணியைத் தேடுங்கள். தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனைத் தொழில் நடத்துவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் குற்றம்.