இரண்டு சிலிண்டர் தூங்கினால் என்ன?

சிங்கப்பூரில் கார் வாங்குவது பத்தாண்டுக் குத்தகை மாதிரி. வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) முடிந்தால் மறுபடி பணம் கட்டவேண்டும், இல்லையேல் காரை விட்டுவிடவேண்டும். அதனால் இன்ஜினில் சின்ன நடுக்கம் தெரிந்தாலும் மனம் பதறும்.

பூன் லேயில் எங்கள் புளோக்கிலேயே இருக்கும் அத்தான், அண்மையில் 1.5 லிட்டர் கோல்ஃப் ஒன்றைப் பழைய காராக வாங்கினார். சீரான வேகத்தில் ஓடும்போது அதன் நான்கு சிலிண்டர்களில் நடு இரண்டும் ஓய்வெடுத்துக்கொள்ளும். “அமெரிக்காவில் எல்லாரும் இதை நிறுத்தி வைக்கிறாங்களாம். நானும் நிறுத்திடவா?” என்று கேட்டார்.

அவர் பார்த்த காணொளிகள் பொய் இல்லை. ஆனால் அவை பிக்கப் லாரிகளைப் பற்றியவை. செவ்ரலே சில்வராடோ போன்றவற்றின் எட்டு சிலிண்டர் இன்ஜினில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ‘லிஃப்டர்’ மடங்கி வால்வை நிறுத்துகிறது. அது சிக்கிக்கொண்டால் கேம் ஷாஃப்ட்டே தேய்ந்துபோகும், செலவு பெரிது. அதற்குப் பயந்துதான் உரிமையாளர்கள் ஒரு கருவியைச் செருகி எட்டையும் ஓடவிடுகிறார்கள். மடங்கும் லிஃப்டர் உள்ளேயேதான் இருக்கும் என்பது வேறு விஷயம். இந்த அவநம்பிக்கைக்கு வயதும் அதிகம். 1981ல் கேடிலாக் இதே யோசனையை முயன்றபோது, கணினியின் வேகம் போதாமல் வண்டி திணறியது. பலர் அந்த வசதியின் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள்.

ஃபோக்ஸ்வேகன் முறை வேறு. அதில் மடங்கும் லிஃப்டர் கிடையாது. கேம் ஷாஃப்ட்டில் உள்ள சிறு உறையை மின்காந்தம் பக்கவாட்டில் நகர்த்துகிறது. சுமார் 1,400 முதல் 4,000 சுழற்சிக்குள், சுமை குறைவாக இருக்கும்போதுதான் இது நடக்கும். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் நான்கும் விழித்துவிடும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டேன். எப்போது அணைந்தது என்று பிடிபடவே இல்லை. ஒலியை வைத்துப் பிழைப்பவருக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்!

லாபம்? 2012ல் 1.4 லிட்டர் இன்ஜினில் இது வந்தபோது, 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் மிச்சமாகும் என்றது நிறுவனம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 60 லிட்டர். லிட்டர் 2.70 வெள்ளி என்று வைத்தாலும் 162 வெள்ளி. நெரிசலில் நின்று நின்று போகும் நமக்கு அதைவிடக் குறையலாம். பெரிய தொகை இல்லை. ஆனால் அதை விட்டுக்கொடுத்து வாங்கப்போவது என்ன? மென்பொருளில் கை வைத்துவிட்டு, நாளை உத்தரவாதத்தில் பழுதுபார்க்கப் போனால் வாக்குவாதம்தான் மிச்சம்.

சில்வராடோக்காரருக்கு, வண்டி இருபது ஆண்டு உழைக்கவேண்டும் என்ற கவலை. அத்தானின் காருக்கு சிஓஇ இன்னும் ஆறு ஆண்டுதான். அதனால் என் பதில்: வேண்டாம். எண்ணெயை, நிறுவனம் சொன்ன தரத்திலேயே, நேரத்துக்கு மாற்றுங்கள். நடுக்கம் உறுத்தினால், முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜின் மவுண்ட்டையும் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.