606601: கிரிவலம் முடியுறதுக்குள்ள இந்த எண்ணை உடைக்க முடியுமா?

பௌர்ணமி ராத்திரி. கிரிவலப் பாதையில கூட நடந்த நண்பன் பெருமையா சொன்னான்: "என் யு.பி.ஐ. பின் ஆறு இலக்கம்டா. மறக்கவே மறக்காது... நம்ம ஊர் பின்கோடு!"

அடப்பாவி! 606601-ங்கிறது திருவண்ணாமலையில பாதி கடை போர்டுல எழுதியிருக்கிற நம்பராச்சே!

பின்கோடு முறை வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல. முதல்ல வர்ற 6 தமிழ்நாடு, கேரளா பக்கத்தைக் குறிக்கும். கடைசி மூணு இலக்கம் தபால் நிலையத்தை. தபால்காரருக்கு அவ்வளவுதான். கணக்குப் பண்ணிப் பார்த்தா இது வேற மாதிரி எண்.

பாதை 14 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு பகா எண்ணால வகுத்துப் பார்ப்போம்னு ஆரம்பிச்சோம். ஒற்றைப்படை எண், அதனால 2 அவுட். இலக்கங்களைக் கூட்டினா 19, அதனால 3-ம் இல்லை. (ரமணாசிரமத்தோட 606603-க்குக் கூட்டல் 21. அது 3-கிட்ட உடனே மாட்டிடும்!) 5, 7, 11, 13... எதுவும் சரிவரல. 23-ல மட்டும் ஒண்ணே ஒண்ணு குறைஞ்சு போச்சு. வரிசையில 14-வது பகா எண் 43. மீதியே இல்லாம வகுபட்டுச்சு!

606601 = 43 × 14107.

14 கிலோமீட்டர், 14-வது முயற்சி. தற்செயல்தான், ஆனாலும் சிலிர்க்குதுல்ல?

14107 இன்னும் உடையுமா? அதோட வர்க்கமூலம் 118-ஐ ஒட்டி வருது. அதனால 113 வரைக்கும் பார்த்தா போதும். எதுலயும் வகுபடல, அதுவும் பகா எண்தான். இப்படி ரெண்டே ரெண்டு பகா எண்களோட பெருக்கலா இருக்கிற எண்ணுக்குப் பேர் 'செமிபிரைம்'. 1, 43, 14107, அப்புறம் அதுவேன்னு மொத்தமே நாலு வகுத்திகள். கொஞ்சம் தள்ளி இருக்கிற 554400-க்கு 216! அந்த மாதிரி வகுத்திகள் குவிஞ்ச எண்களைப் பத்தித்தான் ராமானுஜன் 1915-ல பெரிய கட்டுரையே எழுதினார்.

சரி, செமிபிரைமால நமக்கென்ன? 43-ஐயும் 14107-ஐயும் பெருக்க ஒரு நிமிஷம் போதும். விடையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னா 14 முயற்சி. இந்த ஏற்றத்தாழ்வை வச்சுத்தான் 1977-ல ஆர்.எஸ்.ஏ. பூட்டு பிறந்துச்சு. இன்னிக்கும் இணையத்துல பல இடங்கள்ல அது காவல் நிக்குது. அதுல பரவலா புழங்குற எண்ணுக்கு 617 இலக்கம். 2020-ல 250 இலக்க செமிபிரைம் ஒண்ணை உடைச்சாங்க. ஒரே ஒரு பிராசஸர் கோர்ல ஓட்டியிருந்தா அதுக்கே சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும்.

அப்பேர்ப்பட்ட பூட்டைப் போட்டுட்டு, சாவியைக் கடை போர்டுலயா மாட்டுவாங்க? நண்பன்கிட்ட இதைத்தான் கேட்டேன்.

ஈசான்ய லிங்கம் வர்றதுக்குள்ள பின்னை மாத்திட்டான். புது எண் என்னன்னு நான் கேட்கல, அவனும் சொல்லல.