உங்களுக்குத் தெரியுமா? மண்ணில்லாத கீரைக் கோபுரம்

1930களில் பான் அமெரிக்கன் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய வேக் தீவில், பயணிகளுக்கான காய்கறி மண்ணில்லாமல் சத்துநீரில் விளைந்தது. அதே முறையை இன்று ஒரு பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி வீட்டிலேயே செய்யலாம்.

குழாயில் குறுக்கே கீறி, ஹீட் கன்னால் இளக்கி, கண்ணாடி பாட்டிலைச் செருகி அழுத்தினால் செடி உட்காரும் குழி தயார். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பி.வி.சி. கருகும் புகை நச்சு. அடியில் மூடிய வாளி, அதற்குள் சிறு பம்ப். உச்சிக்கு ஏறும் நீர் வேர்களை நனைத்தபடி இறங்கி வாளிக்கே திரும்புகிறது. கீரை, புதினா, லெட்யூஸ் நன்றாக வரும்.

பலர் கோட்டைவிடுவது வெளிச்சத்தில். வாளிக்குள் ஒளி புகுந்தால் பாசி படர்ந்து, செடிக்கான சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். கறுப்பு வாளியே நல்லது. நீரின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். அதற்கு மேல் ஏறினால் இரும்புச்சத்தை வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. இளந்தளிர் மஞ்சளாக வெளுக்கும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரென்றால் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம். ஈரத்தைப் பிடித்துவைக்க மண் இல்லாததால், கோடை வெயிலில் சில மணி நேரத்திலேயே வேர் காய்ந்துவிடும்.