வெளிச்சத்தை மறைக்கும் கண்ணாடி

டி.வி. ரிப்பேர் செய்பவர்களிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று யாராவது சொன்னால், அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிப் பிடிப்பார்கள். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரியும். படம் திரையில்தான் இருக்கிறது. அதைக் காட்டும் விளக்கு அணைந்திருக்கிறது. "பேக்லைட் போச்சு, ஸ்ட்ரிப் மாத்தணும்" என்பார்கள்.

டி.வி. வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சேதியும் இதுதான். எல்.இ.டி. டி.வி. என்று கடையில் விற்பவை எல்.சி.டி. திரைகளே. திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, முன்னால் உள்ள கண்ணாடி அடுக்கு வேண்டாத வெளிச்சத்தை மறைக்கிறது. 4கே திரையில் 3840 x 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஜன்னல்கள். ஆக, சுமார் இரண்டரைக் கோடி ஜன்னல்கள். எது எவ்வளவு திறக்க வேண்டும் என்ற கட்டளை, சாதாரண டி.வி.யிலேயே நொடிக்கு 60 தடவை மாறுகிறது.

அந்த ஜன்னல்களுக்குக் கதவாக இருப்பது திரவப் படிகம். 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் அது கலங்கலான திரவமாக உருகியது, 178.5 டிகிரியில் திடீரெனத் தெளிந்தது. அந்த இடைநிலையில் மூலக்கூறுகள் திரவம்போல ஓடும், படிகம்போல வரிசையாகவும் நிற்கும். இந்த வகைப் பொருளில் சிறு மின்னழுத்தத்தைச் செலுத்தினால் வரிசை திரும்பும். கூடவே ஒளியின் அதிர்வுத் திசையும் மாறும். இருபுறமும் துருவமாக்கித் தகடுகளை வைத்துவிட்டால், ஒளி கடப்பதும் நிற்பதும் நம் கையில்.

இந்தக் கதையில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அமையும் என்று தம் குழுவினருடன் காட்டினார். எல்.சி.டி.யைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் வெளுக்காமல் காக்கும் படலங்களில் பின்னாளில் பயன்பட்டவை இத்தகைய மூலக்கூறுகள்தான்.

விளக்கு சேர்க்காத வெறும் கண்ணாடி அடுக்கைத் தொழிற்சாலை வட்டாரத்தில் 'ஓபன் செல்' என்பார்கள். டி.வி.யின் அடக்கவிலையில் பாதிக்கும் மேல் அதற்கே போகிறது. பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் அந்தச் செல்லுக்கு விளக்கும் உயிரும் கொடுக்கும் ஊர்களில் திருப்பதியும் ஒன்று. 2018இல் ஷாவ்மி, டிக்ஸன் டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தன் மி டி.வி.க்களைத் திருப்பதியில் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஏர்ப்பேடு அருகே விக்ருதமாலாவில், டி.வி., செல்போன் திரைகளுக்கான டிசிஎல் குழும ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்போது சித்தூர் மாவட்டமாக இருந்த அந்தப் பகுதி, 2022 முதல் திருப்பதி மாவட்டம்.

ஒரே மாதிரி ஓபன் செல் இரண்டு கம்பெனி டி.வி.க்களுக்குள் போகலாம். பின்னால் எத்தனை விளக்குகள், எப்படி அடுக்கினார்கள், எந்த சிப் அவற்றை இயக்குகிறது என்பதில் படத்தின் தரம் பிரிந்துவிடும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடாத விவரமும் அதுவே.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க திருப்பதி பிரம்மோற்சவ நேரலை போதும். ஐந்தாம் நாள் இரவு, கருட சேவை. கரிய வானம், அதன் கீழே தங்க வாகனம், சுற்றிலும் விளக்கு வெள்ளம். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த டி.வி.யில் வானம் சாம்பல் பூத்திருக்கும். மூலைகளில் வெளிச்சம் கசியும். பேனல், அதாவது கண்ணாடி அடுக்கின் வகையும் முக்கியம். ஐ.பி.எஸ். வகைப் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1. வி.ஏ. வகையில் 3000:1க்கு மேலும் போகும். ஆனால் வி.ஏ.வைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ்., நேர் எதிரே சோபா போட்ட வீட்டுக்கு வி.ஏ. என்று தேர்ந்தெடுக்கலாம்.

மினி எல்.இ.டி.யில் பின்விளக்குகளைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட காட்சி உள்ள இடத்தில் மட்டும் குறைக்கிறார்கள். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கறுப்பு முழுக் கறுப்பு. விலை அதிகம்; செய்தி சேனலின் அசையாத பட்டை நாள் முழுக்க ஓடினால் தழும்பு விழும் அபாயமும் உண்டு. 'கியூ.எல்.இ.டி.' என்றதும் இதே ரகம் என்று நினைக்க வேண்டாம். அது 2023இல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த குவாண்டம் புள்ளிகளை வைத்து நிறத்தைக் கூட்டிய எல்.சி.டி.தான்.

விற்பனையாளர் முதலில் சொல்வது 4கே. நல்ல கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். அந்தக் கணக்குப்படி 43 இஞ்ச் ஃபுல் ஹெச்.டி. திரையின் புள்ளிகளே ஆறடி தள்ளி உட்கார்ந்தால் தனியாகத் தெரியாது. 55 இஞ்ச் என்றால் ஏழடிக்கு மேல். பத்தடி தூரத்தில் சோபா போட்டுவிட்டு 43 இஞ்சில் 4கே தேடுவது வீண் அலைச்சல். இன்னொன்று, கேபிளில் வரும் சாதாரண சேனலின் படம் 720 x 576 புள்ளிகள்தான். 4கே திரையில் அந்த ஒரு புள்ளி நிற்கும் இடத்தில் இருபது இருக்கும். மீதியை டி.வி.யின் சிப் ஊகித்து நிரப்புகிறது. மலிவான 4கே டி.வி.யில் கேபிள் படம் மழுங்கித் தெரிவது இதனால்தான்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் ஹெச்.டி.ஆர். முத்திரை, அந்த சிக்னலை டி.வி. ஏற்கும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். 250, 300 நிட்ஸ் (ஒளிர்வின் அலகு) மட்டுமே ஒளிரும் திரையில் அதன் பிரகாசத்தைக் காட்ட வலு இருக்காது. படத்தை நொடிக்கு 120 தடவை மாற்றும் 120 ஹெர்ட்ஸுக்கு மட்டும் உருப்படியான காரணம் உண்டு. சினிமா நொடிக்கு 24 சட்டகம்; 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி வரும். ஒரு சட்டகத்தை இரு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டியாக வேண்டும், மெதுவாக நகரும் காட்சி லேசாகத் தடுக்கும். 120இல் ஒவ்வொன்றையும் சரியாக ஐந்து முறை காட்டலாம்.

கடையின் டெமோ வீடியோவில் கிளியும் பூவுமாக எல்லா டி.வி.யும் ஜொலிக்கும். இருட்டுக் காட்சியுள்ள வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' மோடில் வைக்கச் சொல்லுங்கள். நேராக நின்றும், பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கும் ஜி.எஸ்.டி. 28இல் இருந்து 18 சதவீதமாகிவிட்டதால், சிறிய திரையை வாங்க வரிச் சலுகை இப்போது ஒரு காரணம் இல்லை. சுவருக்கும் சோபாவுக்கும் உள்ள தூரத்தை அளந்து அளவை முடிவுசெய்யுங்கள். அதற்கடுத்து பேனல் வகை, பின்விளக்கு. மெல்லிய டி.வி.யில் ஸ்பீக்கருக்கு இடமில்லை. மிச்சப் பணம் இருந்தால் சவுண்ட்பாருக்கு ஒதுக்கலாம். 4கே, 8கே பேச்செல்லாம் அதற்குப் பிறகு.